மேடேறினா கெண்டைக்கால் பிடிக்குது, யார்கிட்ட காட்டுறது?

கேள்வி: நாங்க கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு 58 வயசு, டீ ஃபேக்டரி வேலை, பீடி உண்டு. பஸ் ஸ்டாப்புக்கு மேடேறும்போது கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு தான் வர்றாரு. குளிருக்கு வாதம்னு பாட்டி கரி அடுப்புல காலைக் காய வைக்கிறாங்க, டிஸ்க்னு சித்தப்பா சொல்றாரு. பக்கத்து வீட்டு அக்கா வெரிகோஸுக்கு போடுற டைட் சாக்ஸ் வாங்கித் தரலாமா?

பதில்: அந்த சாக்ஸ் இப்ப வேண்டாம்மா. அது கால்ல ரத்தம் தேங்குறவங்களுக்கு. நீங்க சொல்றதப் பாத்தா அப்பாவுக்கு காலுக்குப் போற ரத்தக்குழாய்லயே அடைப்பு இருக்கும்னு தோணுது, ரத்தம் கம்மியா போற காலை இறுக்கினா புண்ணாயிடும். கரி அடுப்பையும் நிறுத்துங்க, உணர்ச்சி மந்தமா இருந்தா சுடுறதே தெரியாது, கொப்புளம் வந்தா லேசுல ஆறாது. பாட்டிகிட்ட சண்டை வேண்டாம், கம்பளி சாக்ஸ் மாட்டி விடச் சொல்லுங்க.

டிஸ்க்கா ரத்தக்குழாயான்னு ஓரளவு பிரிச்சுப் பாக்க மலையில இருக்கவங்களுக்கு ஒரு வசதி உண்டு. ரத்தக்குழாய் அடைப்புன்னா ஏத்தத்துல தான் ஜாஸ்தி வலிக்கும், தசைக்கு அப்ப தானே ரத்தம் கூட வேணும், சும்மா நின்னாலே சில நிமிஷத்துல விட்டுடும், திரும்ப கிட்டத்தட்ட அதே தூரம் நடந்தா பிடிக்கும். டிஸ்க் மாதிரி காரணத்தால முதுகுத்தண்டுல நரம்பு நசுங்கியிருந்தா பெரும்பாலும் எறக்கத்துல தான் தொல்லை, நின்னா விடாது, குனியணும் இல்ல உக்காரணும். வீட்டுக்கு எறங்கி வரும்போது எப்படி இருக்குன்னு அப்பாகிட்டயே கேளுங்க.

காட்ட வேண்டியது வாஸ்குலர் சர்ஜன்கிட்ட, அதாவது என்னை மாதிரி ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட. சர்ஜன்னதும் காலை எடுத்துடுவாங்கன்னு பயந்து, விரல் கறுத்த பிறகு வர்றவங்க இருக்காங்க, அதான் எனக்கு ஆத்திரம். இந்த நிலைமையில வர்ற நிறைய பேருக்கு நாங்க கத்தியே எடுக்கறதில்ல. மொதல்ல விரல் வச்சு நாடி பாப்போம், தொடையிடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, கணுக்கால் உள்பக்கம், பாதத்து மேல, எந்த இடத்துல துடிப்பு காணாம போகுதோ அதுக்கு மேல அடைப்பு. அப்புறம் கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்துப் பாக்கறது, 0.9 இல்ல அதுக்குக் கீழ வந்தா அடைப்புன்னு அர்த்தம். சுகர் ரொம்ப நாளா இருந்தா குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போய் இந்த நம்பர் பொய் சொல்லும், அப்ப கால் கட்டைவிரல்ல பிரஷர் பாக்கணும். தேவைப்பட்டா ரத்த ஓட்டத்தைப் பாக்கற டாப்ளர் ஸ்கேன்.

மாத்திரை ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு குடுப்பாங்க. கூடவே நடை, வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, விட்டதும் மறுபடி நடக்கறது, வாரத்துல 3 நாளாவது அரைமணி நேரத்துக்குக் குறையாம. 3 மாசத்துல நல்ல வித்தியாசம் தெரியலாம். கால்ல புண் இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம இதை ஆரம்பிக்க வேண்டாம். இதுல சரியாகலைன்னா தான் பலூன், ஸ்டென்ட், இல்ல அவரோட கால்ல இருக்கற ரத்தக்குழாய் (வெயின்) ஒண்ணையே எடுத்து அடைப்பைத் தாண்டி மாத்து வழி போடற பைபாஸ். பீடி பத்தி, குறைச்சுட்டேன்னு சொல்லுவாரு, அது கணக்குல வராது, முழுசா விடணும்.

ராத்திரி வலி தாங்காம கட்டில்ல இருந்து காலைத் தொங்கப் போட்டுத் தூங்கறாரா, விரல்ல ஆறாத புண் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இருந்தா ஒரு நாள் கூட தள்ளாதீங்க. திடீர்னு கால் வெளுத்து ஜில்லுனு ஆகி விரலை அசைக்க முடியலைன்னா அது எமர்ஜென்சி, பொதுவா 6 மணி நேரத்துக்குள்ள ரத்த ஓட்டத்தைத் திருப்பிடணும், மலைப்பாதை, பனிமூட்டம் எல்லாம் அந்த 6 மணி நேரத்துல தான் கழியும். அதனால 108-ஐ கூப்பிட்டு வாஸ்குலர் சர்ஜன் இருக்கற இடத்துக்கே போகணும்னு சொல்லுங்க, விடியட்டும்னு உக்காந்துடாதீங்க.