கேம் மாஸ்டரின் களைப்பும் செயற்கை நுண்ணறிவும்: கேள்வி பதில்

கேள்வி: பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டராக மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் நடத்தி வருகிறேன். இப்போதெல்லாம் ஆட்ட நாள் நெருங்கினாலே மனம் சோர்ந்துவிடுகிறது. தயாரிப்பு முழுவதையும் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிடலாமா?

பதில்: முழுவதையும் ஒப்படைக்காதீர்கள். சென்ற அமர்வின் குறிப்புகளைச் சுருக்குவது, வழியில் எதிர்ப்படும் வணிகருக்கும் காவலருக்கும் பெயர் சூட்டுவது, சத்திரத்தில் காதில் விழும் வதந்திகளில் பத்தைக் கேட்டு வாங்கி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது போன்ற வேலைகளைத் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் வில்லன் எதற்காக அந்த வழியில் இறங்கினான், உங்கள் வீரர்களில் யாருடைய கதாபாத்திரத்தின் கடந்த காலம் அடுத்து வாசலில் வந்து நிற்கப்போகிறது என்பவற்றை நீங்களே யோசியுங்கள். ஒருமுறை நான் முழு அமர்வையும் அதனிடம் எழுதி வாங்கினேன். நான் யோசிக்காத பல பக்கங்களைப் படித்து மனத்தில் ஏற்றுவது, நானே எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. ஆட்டத்தின் நடுவே வீரர்கள் எதிர்பாராத பக்கம் திரும்பியபோது, அந்த உலகத்துக்குள் எனக்கே வழி தெரியவில்லை.

கேள்வி: பழைய நிகழ்வுகளை அது மாற்றிச் சொல்கிறதே?

பதில்: ஒரே உரையாடல் நீள நீள, தொடக்கத்தில் சொன்னவை அதன் பார்வையிலிருந்து நழுவிவிடும். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், எந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை என்பதை ஒரே பக்கத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலில் அதை முதலில் ஒட்டுங்கள்.

கேள்வி: விதிகளை அதனிடம் கேட்கலாமா?

பதில்: புத்தகத்தோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். எதிரியைப் பிடித்து நிறுத்தும் கிராப்பிள் விதி, 2014 பதிப்பில் இருதரப்பும் பகடை உருட்டும் போட்டியாக இருந்தது. 2024 பதிப்பில் பிடிபடுபவர் மட்டும் தப்பிப்பதற்காகப் பகடை உருட்டும் சேவிங் த்ரோ ஆகிவிட்டது. இரண்டையும் கலந்து, துளியும் தயக்கமில்லாத தொனியில் அது விடை சொல்லக்கூடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதை வீரர்களிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவருக்கேனும் மனம் ஒப்பவில்லை என்றால், அவர் பார்க்கவும் கேட்கவும் போகும் எதிலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு செய்தும் களைப்பு தீரவில்லை என்றால்?

பதில்: அப்படியானால் சுமை தயாரிப்பில் இல்லை, எல்லாவற்றையும் ஒருவரே தாங்குவதில் இருக்கிறது, எந்தக் கருவியாலும் அதை இறக்கிவைக்க முடியாது. வாரந்தோறும் ஆடுவதை இரு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். முன்கதைச் சுருக்கம் சொல்லும் பொறுப்பை வீரர்களிடம் விடுங்கள். ஒரே அமர்வில் முடியும் சிறு ஆட்டம் ஒன்றை வேறொருவரை நடத்தச் சொல்லி, நீங்கள் ஒரு கதாபாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையின் மறுபுறம் உட்காருங்கள்.