ஓனான் செய்த தப்பு என்ன? பைபிள் தண்டனைகளும் அவற்றில் பிறந்த சொற்களும்

கேள்வி: சுய இன்பத்தை ஆங்கிலத்தில் 'ஓனானிசம்' என்கிறார்களே, அதற்காகவா கடவுள் ஓனானைக் கொன்றார்?

பதில்: இல்லை. ஆதியாகமம் 38-ஐப் புரட்டிப் பாருங்கள். யூதாவின் மூத்த மகன் ஏர் பிள்ளையில்லாமல் செத்துப்போகிறான். அண்ணியைச் சேர்ந்து அண்ணன் பேருக்கு ஒரு வாரிசு கொடு என்று தம்பி ஓனானிடம் அப்பா சொல்கிறார். அந்தக் கால வழக்கம் அது. பிறக்கும் பிள்ளை தன் கணக்கில் வராது என்று ஓனானுக்குத் தெரியும். அதனால் அண்ணி தாமாரிடம் போவான், ஆனால் விந்தைத் தரையில் விட்டுவிடுவான். ஆக, பாதியில் விலகினானே தவிர, சுய இன்பம் என்ற பேச்சே அங்கே இல்லை. அவளை அனுபவித்துவிட்டு அவளுக்கு உரிய பிள்ளையைக் கொடுக்காமல் ஏய்த்ததுதான் குற்றம் என்பேன்.

பெயரை மாற்றி ஒட்டியது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வெளிவந்த 'ஓனானியா' என்ற சிறு புத்தகம். எழுதியவர் பெயர் கிடையாது. பயமுறுத்திவிட்டு, அதிலேயே மருந்துக்கும் விளம்பரம் செய்தது. 'இளமையில் செய்த தவறா?' என்று கேட்கும் நம்மூர் லாட்ஜ் வைத்தியர்களுக்குப் பாட்டன்!

கேள்வி: 'சாடமி' (ஆணோடு ஆண் உறவு) என்ற சொல், பைபிளில் கடவுள் அழித்த சோதோம் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த ஊரின் பாவமும் அதுதானே?

பதில்: சோதோமில் குடியிருந்த லோத்தின் வீட்டைச் சூழ்ந்து விருந்தாளிகளை வெளியே அனுப்பச் சொல்லி ஊரே கதவை உடைக்கப் பார்த்தது உண்மை. அது வன்முறை. எசேக்கியேல் 16:49 எடுத்த எடுப்பில் சொல்வது வேறு: கர்வம், வயிறு முட்டச் சோறு, சுகவாழ்வு, ஏழைக்குக் கைகொடுக்காதது. அரபியில் இன்னும் வேடிக்கை. அங்கே அந்தச் செயலுக்குப் பெயர் 'லிவாத்'. அழிவிலிருந்து தப்பி வந்த லூத்தின் (அதாவது லோத்தின்) பெயரிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். பாவம், மனிதர்!

கேள்வி: கோபுரம் கட்டியவர்களின் மொழியைக் கடவுள் குழப்பிய ஊரான பாபேலிலிருந்துதான் 'பேபிள்' (உளறு) வந்ததா?

பதில்: இல்லை, அது மழலை ஒலியிலிருந்து வந்தது. பாபேல் என்பது பாபிலோன்தான். பாபிலோனியர் தங்கள் ஊரை 'பாப்-இலி', கடவுளின் வாசல் என்றார்கள். எபிரேயர் 'பாலல்' (குழப்பு) என்ற சொல்லை வைத்துச் சிலேடை செய்தார்கள்.

கேள்வி: வரப்போகும் கேட்டை 'சுவரில் எழுத்து' என்கிறார்களே, எந்தச் சுவர்?

பதில்: பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவர். எருசலேம் ஆலயப் பாத்திரங்களில் ராஜா குடித்துக்கொண்டிருந்தபோது, விளக்குக்கு எதிரே சாந்துப்பூச்சில் விரல்கள் மட்டும் தோன்றி எழுதின: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். மூன்றுமே எடைக்கல் பெயர்கள்: மினா, சேக்கல், அரை. மளிகைக்கடைச் சுவரில் 'சேர், சேர், பலம், அரை' என்று கிறுக்கிய மாதிரி. படித்துச் சொல்ல அழைத்து வந்த யூத ஞானி தானியேல் அவற்றை வினைச்சொல்லாகப் படித்தார்: எண்ணியாயிற்று, நிறுத்தாயிற்று, பங்கு போட்டாயிற்று. அன்று ராத்திரியே ராஜாவைக் கொன்றுவிட்டார்கள்.