வாயத் தொறக்காட்டி மார்க்ஸ் இல்லையா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் புள்ள, கெம்பஸ்ல செகண்ட் இயர் சோசியாலஜி படிக்கிறேன். ஒரு பாடத்துல பாட்டிசிபேஷனுக்குன்னு பத்து மார்க்ஸ். ஒரு லெக்சர் கூட கட் பண்ணல, நோட்ஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆனாலும் எனக்கு மூணுதான் போட்டிருக்காங்க. கொழும்புல இருந்து வந்து இங்லிஷ்ல கதைச்சுக்கிட்டே இருக்கிறவங்களுக்கு எட்டு, ஒன்பது. எனக்கு எழும்பிக் கதைக்கவே பயம். இது நியாயமா?

பதில்: தங்கச்சி, வரவு வேற, இது வேற. 80 வீதம் வரவு இருந்தாத்தான் எக்ஸாம் எழுதலாம்னு நம்ம கெம்பஸ்கள்ல பொதுவா ஒரு ரூல் இருக்கே, நீங்க கட் பண்ணாம போனது அதுக்குத்தான் சரியாப் போச்சு. இந்தப் பத்து மார்க்ஸ், நீங்க யோசிச்சது வகுப்புக்குப் பிரயோசனப்பட்டுச்சான்னு பாத்து போடுறது. இது உங்க லெக்சரர் புதுசா கண்டுபிடிச்ச ஒன்னும் இல்ல, ஹார்வர்ட் பிஸ்னஸ் ஸ்கூல்ல பல பாடங்கள்ல அரைவாசி மார்க்ஸ் வரைக்கும் இதுக்கே போகுது.

ஆனா எத வச்சு போடுறோம்னு முதல் கிழமையே சொல்லணும். கோர்ஸ் அவுட்லைன்ல "பாட்டிசிபேஷன் 10%"னு ஒரு வரி மட்டும் இருந்தா போதாது. யாரு எத்தன தடவ கை தூக்கினாங்கன்னு எண்ணி மார்க்ஸ் போட்டா, அது இங்லிஷ் பேசுற வீட்டுல பொறந்ததுக்குக் குடுக்கிற மார்க்ஸ், நான் அத ஒத்துக்க மாட்டேன். குரூப் டிஸ்கஷன்ல நீங்க சொன்னது, வாசிச்சிட்டு வந்து கேட்ட ஒரு நல்ல கேள்வி, இதெல்லாமும் கணக்குல வரணும். 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஸ்கூல் வகுப்புகள்ல பாத்திருக்காங்க, டீச்சர்மார் கேள்வி கேட்டுட்டு ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறாங்களாம், மூணு செக்கன் பொறுத்தாலே பதில் நீளமா வருது, சும்மா இருக்கிற புள்ளைங்களும் வாயத் தொறக்குதுங்க. தமிழ்ல யோசிச்சு மனசுக்குள்ளயே இங்லிஷுக்கு மாத்துற உங்களுக்கு அந்த ஒரு செக்கன் எப்படிக் காணும்?

அதனால லெக்சரர அவர் ரூம்ல போய் பாருங்க. மார்க்ஸ கூட்டுங்கன்னு கேக்க வேணாம், "சேர், எதுல எனக்குக் கொறஞ்சது, என்ன செஞ்சா கூடும்"னு மட்டும் கேளுங்க, எழும்பிக் கதைக்கப் பயம்னும் ஒளிக்காம சொல்லுங்க.

அடுத்தது, முதல் நாள் ராத்திரியே சிஆர் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல ஒரு கேள்விய இங்லிஷ்ல எழுதி வைங்க, சின்னதா ஒன்னு போதும். இப்ப பிரஜாவுரிமை பத்தின பாடம்னு வைங்க, 1948 சட்டத்தால தோட்டத்து மக்களுக்குப் பறிபோன பிரஜாவுரிமைய சரிபண்ண 2003லயும் ஒரு சட்டம் தேவைப்பட்டுச்சு, அப்ப பிரஜையான பொறகும் எத்தனையோ லயத்து வீட்டுக்கு ஏன் சொந்தமா ஒரு விலாசம் இல்ல, கடிதம் ஏன் தோட்டத்து ஒஃபிஸுக்கு வருதுன்னு கேளுங்க. அத உங்களப் போல கேக்க அந்த வகுப்புல எத்தன பேருக்குத் தெரியும்? கிராமர் பிழைச்சாலும் பரவாயில்ல, பாத்து வாசிச்சாலும் பரவாயில்ல. வகுப்பு தொடங்கி முதல் பத்து நிமிஷத்துக்குள்ள கேட்டுருங்க, நேரம் போகப் போக நெஞ்சு படபடப்பு கூடுமே தவிர கொறையாது.

போட்ட மூண மாத்துவாங்களான்னு சொல்ல முடியாது. அடுத்த செமஸ்டர் கோர்ஸ் அவுட்லைன் கைக்கு வந்த அன்னைக்கே, இந்த மார்க்ஸ எப்படிப் போடுவீங்கன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க, உங்க பெச்சுல வாயத் தொறக்காம இருக்கிற மத்த புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க.