வேகச் சார்ஜிங் நிலையங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

லாபம் வராத நெடுஞ்சாலைகளிலும் மின்வாகனச் சார்ஜிங் நிலையங்கள் எப்படி எழுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் செலவழித்தவர்கள் பெரும்பாலும் கார் விற்க வேண்டியவர்களே. டெஸ்லா 2012இல் 'சூப்பர்சார்ஜர்' என்ற தன் வேகச் சார்ஜர்களைத் தொடங்கியது. அமெரிக்கச் சார்ஜிங் நிறுவனமான 'எலக்ட்ரிஃபை அமெரிக்கா' பிறந்த கதை வேறு: டீசல் புகை மோசடிக்குப் பரிகாரமாக ஃபோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்ட 200 கோடி டாலர் முதலீடு அது.

இயந்திரத்தின் விலை மட்டும் சுமையல்ல. 150 கிலோவாட் சார்ஜர்கள் நான்கு ஒன்றாக இயங்க 600 கிலோவாட் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தனி மின்மாற்றி, புதிய கேபிள், பள்ளம் தோண்டும் வேலை எல்லாம் சேரும். பல இடங்களில் உச்சத் தேவைக்கான கட்டணமும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கான கட்டணமும், சேரும். நாளுக்கு இரண்டே கார்கள் வந்தாலும் அது அதிகம் குறையாது. ஆகவே அரசு மானியம் அவசியம் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கா 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் இதற்காக 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது, சார்ஜர்கள் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை.