மறு: மரமும் தாத்தாவும் டிக்கன்ஸ் தந்தவையா?

வணக்கம் அக்கா. கிறிஸ்துமஸ் மரமும் கலைமான் வண்டித் தாத்தாவும் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையிலிருந்து வந்தவை என்று மகள் பள்ளிப் பேச்சில் எழுதியிருக்கிறாள், சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எட்டுக் கலைமான்களோடு தாத்தா புகைபோக்கி வழியே இறங்குவது 1823 டிசம்பரில் அமெரிக்காவின் டிராய் நகரப் பத்திரிகையில் பெயர் போடாமல் வந்த கவிதையில். மரம் ஜெர்மன் வழக்கம். 1848இல் விக்டோரியா அரசி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது. டிக்கன்ஸ் கதையில் பச்சை அங்கி போட்ட ஓர் ஆவி வருகிறதே, அதைத்தான் தாத்தா என்று நினைத்துவிட்டாளோ என்னவோ!

அப்போ டிக்கன்ஸுக்கு என்ன பங்கு? நிறையவே. 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19இல் வெளியாகி, முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. அவருக்கு முன்பே அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் பண்டிகையை எழுதியவர்தான். ஆனால் அது கிராமத்துப் பெரிய மாளிகை விருந்து. டிக்கன்ஸ் அதை லண்டனில் ஒரு ஏழைக் குமாஸ்தா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் புட்டிங் என்ற பண்டிகை இனிப்பைத் துணியில் கட்டி, துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் வேகவைக்கிறார்கள். திறந்ததும் சலவை நாள் வாசனை அடிக்கிறது! ஒரு வாத்தை வைத்தே வீடு முழுக்கச் சாப்பிடுகிறது. கடைசியில் கஞ்ச முதலாளி பெரிய வான்கோழி வாங்கி, பெயர் சொல்லாமல் அனுப்புகிறார். குடும்பச் சாப்பாடும் தானமும்தான் பண்டிகை என்ற எண்ணம் ஊன்றியதில் இந்தக் கதைக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் புட்டிங் காட்சியிலிருந்தே பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.