கணினிக் கேள்விகள்: கார்டுக்கு முன்னால் லேபிளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். உயரமான கேசிங், ஐ5 8500 சிப், 8 ஜிபி ரேம். படிவம் 4 படிக்கும் மகன் வேலரண்ட், ஜிடிஏ 5 விளையாடவும் பள்ளிக்கு வீடியோ எடிட் செய்யவும் கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். சீட்டுப் பணம் 700 ரிங்கிட் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600 வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: ஆர்எக்ஸ் 6600 நல்ல கார்டுதான் அம்மா. ஆனால் உங்கள் கணினிக்கு அது ஒத்துவராது.

மதர்போர்டில் கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் தரும். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட் வேண்டும். மீதியைப் பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிள் தர வேண்டும். ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் அந்தக் கேபிளே இருக்காது. பவர் சப்ளையை மாற்றிவிடலாமே என்றால், டெல், ஹெச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் வழக்கமான 24 பின் கிடையாது. கடையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளை அதில் நேராகப் பொருந்தாது.

இந்த இடத்தில்தான் சிலர் பத்து ரிங்கிட் அடாப்டரை நீட்டுவார்கள்: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளை 8 பின்னாக மாற்றிக் கொடுப்பது. தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் இளகும், முனை கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே தனிக் கேபிள் கேட்காத கார்டாகப் பாருங்கள். உங்கள் மகனுக்கு என் முதல் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 2024இல் வந்தது, 70 வாட்தான் எடுக்கும். 65 வாட் சிப், 70 வாட் கார்டு, மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறிகளுக்கு ஒரு 40 என்று கூட்டினால் 175. இந்த வகைக் கணினிகள் பலவற்றில் வரும் 240, 260 வாட் பவர் சப்ளை அதைத் தாங்கும். பெட்டியில் 6 ஜிபி என்று இருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது வேகமானது, ஆனால் 130 வாட் இழுக்கும், கேபிளும் வேண்டும்.

புதிய கார்டு பணத்துக்குள் அடங்காவிட்டால், பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். அதிலும் சில மாடல்களுக்கு 6 பின் கேபிள் வேண்டும். கார்டின் மேல் விளிம்பில் கறுப்புச் சாக்கெட் எதுவும் இல்லாததை எடுங்கள்.

ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது ஸ்லாட்டின் 16 தரவுப் பாதைகளில் 4 மட்டுமே பயன்படுத்தும். புதிய தலைமுறை ஸ்லாட்டான பிசிஐஇ 4.0 உள்ள மதர்போர்டில் அது பெரிதாகத் தெரியாது. உங்களுடையது 3.0, அதனால் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போது விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிக் கோப்பாக்கும்) வசதியும் அந்தக் கார்டில் இல்லை. எடிட் செய்யும் பையனுக்கு அது பெரிய குறை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தால், கார்டுக்கு முன்பே இன்னொரு 8 ஜிபி போடுங்கள். வேலரண்ட் கார்டை விட சிப்பையும் ரேமையும்தான் அதிகம் நம்பும். கார்டை ஆர்டர் செய்யும் முன் கேசிங்கைத் திறந்து, பின்பக்கத் தகட்டிலிருந்து டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். தபாலில் வந்த கார்டு உள்ளே போகவில்லை என்றால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

கேள்வி: என்னுடையது ஐ3 12100எஃப் சிப். கேசிங்குடன் வந்த 500 வாட் பவர் சப்ளை இருக்கிறது. பயன்படுத்திய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி மலிவாக வருகிறது. டிஜிட்டல் நாணய மைனிங்கில் ஓடிய கார்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேலைக்குப் போகும் இளைஞர், பீடோர்

பதில்: மைனிங் கேள்விக்கு வருவதற்குள் பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். '500 வாட்' என்ற பெரிய எழுத்தை விடுங்கள். '+12 வோல்ட்' என்ற வரியில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 ஆம்ப் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட். சிப்பும் கார்டும் உண்பது அநேகமாக இந்த வரியிலிருந்துதான். ஆர்எக்ஸ் 580க்கு 185, உங்கள் சிப்புக்கு உச்சத்தில் 89, ஆக 274. நல்ல கட்டத்தில் விளையாடும்போது கணினி தானாக அணைந்து திரும்ப எழுவது இதனால்தான். கார்டு கெட்டது என்று பலர் பழி போடுவார்கள். 12 வோல்ட் வரியில் 37 ஆம்புக்குக் குறையாத, 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரையுள்ள 450 வாட் பவர் சப்ளையை முதலில் வாங்குங்கள். அதன்பின் ஆர்எக்ஸ் 6600ஐயே தாராளமாகப் போடலாம். குறைந்த மின்சாரத்தில் 580ஐ விட வேகமாக ஓடும்.

580தான் வேண்டும் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். எதீரியம் நாணய மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது இந்த வகைக் கார்டுகள் சந்தையில் குவிந்தன. விற்பவர் கணினியிலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர் எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது பெயர் மாற்றி விற்கப்படும் இளைத்த கார்டு. பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளி, கோடு, சதுரம் எதுவும் வந்தால் கார்டு பழுது, எழுந்து வந்துவிடுங்கள். நினைவகச் சிப்புகளின் ஓரத்தில் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் வெப்பப் பட்டைகள் தளர்ந்திருக்கின்றன. அதை மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்கத் தேவையில்லை. முதலில் தேய்வது விசிறிதான். கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் விடுங்கள்.

கேள்வி: கார்டு போட்டேன், விசிறி சுற்றுகிறது, திரையில் 'நோ சிக்னல்'.
– பள்ளி மாணவி, கோல கிட்டில்

பதில்: எச்டிஎம்ஐ கேபிளைப் பாரும்மா. மதர்போர்டின் சாக்கெட்டில் செருகியிருப்பாய், அதைக் கழற்றி கீழே கார்டின் சாக்கெட்டில் போடு. அப்படியும் வராவிட்டால் சுவிட்சை அணைத்து, கார்டை எடுத்து, ஸ்லாட் முனைத் தாழ்ப்பாள் 'டக்' என்று விழும்வரை நேராக அழுத்து. கார்டில் பவர் சாக்கெட் இருந்தால் 6+2 என்று பிரியும் கேபிள்தான் அதற்கு. 4+4 என்று பிரிவது சிப்புக்கு உரியது. உருவம் ஒன்று போலிருந்தாலும் மின்முனைகள் நேர்மாறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதே, கார்டு போய்விடும்.

கேள்வி: மாலையில் இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் போதுமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மின்னல் பாய்ச்சலுக்குச் சுவிட்சின் சிறு இடைவெளி தடையே இல்லை. சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) காப்புள்ள நீட்டிப்பு வயர் வாங்கினால் சிரிம் தரமுத்திரை பாருங்கள். எர்த் சரியாக இல்லாத பழைய வயரிங்கில் அந்தக் காப்பை நம்பி இருக்க முடியாது. பிளக்கைக் கழற்றும்போது ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மதர்போர்டுக்குள் மின்னல் நுழைய அதுவும் ஒரு வழி.