நகரக் கலைத் துறையில் பதவி கிடைத்தால் சொந்த நாட்டிய அமைப்பை என்ன செய்வது?

கேள்வி: நான் நியூயார்க் நகரின் குவீன்ஸில் வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை உண்டு. பரதநாட்டியத்துக்கென ஓர் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கிப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதற்கு நகரத்தின் நிதியுதவியும் கிடைக்கிறது. நகரக் கலாசார விவகாரத் துறையில் துணை ஆணையர் பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். வேலை கிடைத்தால் அமைப்பை மூடிவிட வேண்டுமா? கணவர் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்று எங்கள் ஆலோசகர் சொல்கிறார். எடிசனில் வீடும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: அமைப்பை மூட வேண்டியதில்லை. நீங்கள் அதிலிருந்து விலக வேண்டும். விலகிய நாற்காலியில் கணவரை உட்கார வைக்கக் கூடாது. ஆலோசகர் சொன்ன வழி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பினாமி ஏற்பாடுதான். நியூயார்க் நகரில் அது செல்லாது என்பதோடு, உங்களைச் சிக்கலிலும் மாட்டிவிடும்.

நகர ஊழியர்களைக் கட்டுப்படுத்தும் நலன் முரண்பாட்டு விதிகள் நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தின் 68ஆம் அத்தியாயத்தில் உள்ளன. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரை அது ஊழியரோடு சேர்ந்தவர்களாகவே கருதுகிறது. பதவியைக் கொண்டு உங்களுக்கு ஆதாயம் தேடிக்கொள்வதும் அவர்களுக்குத் தேடித் தருவதும் அங்கே ஒரே குற்றம். உங்கள் கணவர் ஓர் அமைப்பின் தலைவராக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று ஆலோசகர் வாதிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த அமைப்பைத் தொடும் எந்தக் கோப்பிலும் நீங்கள் கை வைக்க முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு ஒரே பானையிலிருந்து பணம் பங்கிடும் துறையில், ஒருவருக்குக் கூடினால் மற்றொருவருக்குக் குறையும் நிலையில், துணை ஆணையர் எந்தக் கோப்பைத்தான் தொடுவார்? மீறல் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். தீர்ப்பான வழக்குகளை நலன் முரண்பாட்டு வாரியம் பெயரோடு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் வருவது உங்கள் பெயர், ஆலோசகரின் பெயரன்று.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைப் பலரும் பாதி மட்டும் படித்துவிட்டு நிம்மதியடைவதால் முழுவதையும் சொல்கிறேன். நகர ஊழியர் ஒருவர் இலாப நோக்கற்ற அமைப்பில் பொறுப்பு வகிக்கலாம் என்றே சாசனம் தொடங்குகிறது. பெரும்பாலோர் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து நான்கு நிபந்தனைகள் வருகின்றன. அந்த அமைப்பு நகரத்தோடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலில் நீங்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கேற்கக் கூடாது. சம்பளமோ வேறு ஊதியமோ பெறக் கூடாது. வேலை நேரத்துக்கு வெளியே மட்டுமே அமைப்புக்காகச் செயல்படலாம். நான்காவது நிபந்தனையில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்: நீங்கள் வேலை செய்யும் அதே துறையோடு அந்த அமைப்புக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது. சாசனத்தின் கணக்கில் மானியமும் கொடுக்கல் வாங்கல்தான். அப்படி இருந்தால், நீங்கள் தொடர்வது நகரத்தின் நலனுக்கு உகந்தது என்று துறைத் தலைவர் தீர்மானித்தாக வேண்டும். பூங்காத் துறையில் பொறியாளராக இருக்கும் ஒருவர் நாட்டிய சபையின் செயலாளராக நீடிப்பது இந்த விதிவிலக்கால் எளிது. கலைத் துறையின் துணை ஆணையருக்கு அப்படியொரு தீர்மானம் எழுதித் தர எந்த ஆணையரும் முன்வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

‘நாங்கள் துறையின் நிதிக்கு இனி விண்ணப்பிக்கப் போவதில்லை, நகரக் கவுன்சில் உறுப்பினர் ஒதுக்கும் பணம் மட்டும்தான் வாங்குகிறோம்’ என்று சிலர் சொல்வதுண்டு. பள்ளி நேரத்துக்குப் பிந்தைய கலை வகுப்புகளுக்காகக் கவுன்சில் உறுப்பினர்கள் ஒதுக்கும் ‘காசா’ (CASA) நிதியை நிர்வகிப்பதே கலாசார விவகாரத் துறைதான். உறுப்பினர் கை காட்டுகிறார். காசோலை துறையிலிருந்து வருகிறது. குவீன்ஸ் போன்ற நகரப் பகுதிகளின் கலை மன்றங்கள் மறுபங்கீடு செய்யும் சிறு மானியங்களின் ஊற்றும் பெரும்பாலும் அதே துறைதான். ஆகவே உங்களுக்கு வந்த ஒவ்வொரு தொகையும் எங்கே கிளம்பியது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விலகுவது என்றால் உண்மையாக விலக வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்தில் ராஜினாமாவை ஏற்றுத் தீர்மானம் எழுதுவது முதல் படி மட்டுமே. நகர ஒப்பந்தங்களுக்கான ‘பாஸ்போர்ட்’ (PASSPort) இணையத் தளத்தில் முதன்மைப் பொறுப்பாளர் என்று உங்கள் பெயரே இருந்துகொண்டிருக்கும்; வங்கியில் கையெழுத்து உரிமை இருக்கும்; ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு அனுப்பும் 990 படிவத்தை உங்கள் முகவரியிலிருந்தே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். இவை அனைத்தையும் மாற்றுங்கள். வீட்டின் அடித்தளத்தில் வகுப்பு நடந்து, அதற்கு அமைப்பிடமிருந்து மாத வாடகை வாங்கிவந்தால், பதவியை விட்ட பிறகும் பண உறவு நீடிக்கிறது என்றே பொருள். மண்டப வாடகைக்கு உங்கள் கைப்பணத்தைப் போட்டு, அது கணக்கில் கடனாக நின்றால் அதுவும் அப்படித்தான். வாடகையை நிறுத்துங்கள், கொடுத்த கடனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது நன்கொடையாக எழுதிவிடுங்கள். தலைமைப் பொறுப்பை மூத்த மாணவி ஒருவரிடமோ, நீண்ட நாள் உடனிருக்கும் மாணவர்களின் பெற்றோர் ஒருவரிடமோ ஒப்படைக்கலாம். அவர் உங்கள் குடும்பத்தைச் சேராதவராக இருக்கட்டும், உங்களைக் கேட்டுக் கேட்டுக் கையெழுத்திடாதவராகவும் இருக்கட்டும்.

கலை உலகில் நீண்ட அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் கேட்பவர்கள், அந்த அனுபவம் முழுவதும் முரண்பாடாக எண்ணப்படும் என்பதை அதே விளம்பரத்தில் ஒரே வரியில் சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? ஆட்களைத் தேர்ந்தெடுத்த பிறகு சொல்வதே வழக்கமாகிவிட்டது. எனவே நேர்முகத் தேர்வு நிலையிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். துறையின் சட்ட ஆலோசகர் வழியாக வாரியத்தின் கருத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். வாரியத்தின் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் கேட்பவர்கள் வேறு. ‘உள்ளே ஆள் இருக்கிறார், விண்ணப்பத்தை மேலே நகர்த்தித் தருகிறோம்’ என்று சொல்லி நம் சமூகத்தினரிடமே பணம் பறிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். நகர வேலைக்கு விண்ணப்பிக்கக் காசு கிடையாது, நகரத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் நீங்களே செய்யலாம். விளம்பரத்தில் அலங்காரமான பதவிப் பெயருக்கு அருகே, சிவில் சர்வீஸ் பதவிப் பெயரும் அதன் வகையும் தனியாக இருக்கும். அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். விலக்களிக்கப்பட்ட வகை என்றிருந்தால் தேர்வு இல்லை. மேயரோ ஆணையரோ மாறும்போது வேலையும் போகலாம். போட்டித் தேர்வு வகை என்றிருந்து நீங்கள் தேர்வுப் பட்டியலில் இல்லையென்றால், கிடைப்பது தற்காலிக நியமனமாகவே இருக்கும்.

எடிசன் வீட்டை மறந்துவிடுங்கள். நியமனமான 90 நாள்களுக்குள் நகரவாசியாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய பிறகு, குறிப்பிட்ட சில பதவிகளில் இருப்பவர்கள் நாசா, சஃபோக், வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட், ஆரஞ்ச், புட்னம் ஆகிய ஆறு மாவட்டங்களில் குடியேறலாம். எடிசன் இருக்கும் நியூஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி வெளியே குடியேறினாலும், நகரவாசி செலுத்தும் வருமான வரிக்கு ஈடான தொகையைச் சாசனத்தின் 1127ஆம் பிரிவின்படி நகரத்துக்குக் கட்டியாக வேண்டும்.

வேலை உறுதி என்று தொலைபேசியில் சொன்னதும் அமைப்பில் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். வரவு செலவு அலுவலகத்தின் ஒப்புதலும் பின்னணி விசாரணையும் முடிய மாதங்கள் ஆகலாம். ஏன் தாமதம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. தொடக்கத் தேதியிட்ட கடிதம் கைக்கு வந்த பிறகு, அந்தத் தேதிக்கு முந்தைய நாள் நடைமுறைக்கு வரும்படி ராஜினாமாவை எழுதுங்கள்.